மூன்று வார இருப்பு: மழை மலையில் சமையலறை ஓட்டுவதற்கு ஓர் அரிச்சுவடி

குமுளி, வண்டிப்பெரியார், பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. தமிழ்நாடு–கேரள எல்லையோரத்து இந்த மலைகளில் குடியிருப்பவர்களுக்குச் சாமான் வரும் வழி மலைச்சாலை ஒன்றுதான். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. கம்பத்திலும் தேனியிலும் போடியிலும் ஏற்றும் அரிசியும் காய்கறியும் குமுளி மலைப்பாதையையோ போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையோ தாண்டித்தான் மேலே வர வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை எந்த நாளும் மண் சரிந்து வழி அடைபடலாம். 2018 ஆகஸ்டில் மூணாற்றுக்குப் பக்கத்தில் பெரியவரைப் பாலமே இடிந்து மறையூர்ப் போக்குவரத்து நின்றது.

பெரும்பாலான அடைப்புகள் இரண்டு மூன்று நாளில் நீங்கிவிடும். ஆனால் கடைக்காரர் சரக்கும் அதே வழியில்தான் வர வேண்டும் என்பதால், சாலை திறந்த பிறகும் கடை அலமாரி நிரம்பச் சில நாள் பிடிக்கும். அதோடு மழையில் தோட்ட வேலை நின்றால் கூலியும் நிற்கும். வழி இருந்தும் கையில் காசு இல்லாத வாரம் வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு மூன்று வார இருப்பு நியாயமான அளவு. அதற்கு மேல் வைப்பது லயத்து வீடுகளின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், இட நெருக்கடியில் கஷ்டம். கெட்டுப்போகும் ஆபத்தும் கூடும்.

இருப்பு என்றதும் பரணில் ஒரு மூட்டையை ஏற்றி மறந்துவிடுவதைப் பலர் நினைக்கிறார்கள். அந்த மூட்டை அடுத்த வருஷம் வண்டுக்கும் எலிக்கும்தான் உதவும். சரியான முறை வேறு: மூன்று வாரத்துக்கு முன் வாங்கியதை இன்று சமைக்கிறீர்கள், இன்று வாங்குவது மூன்று வாரம் கழித்து உலைக்குப் போகிறது. முந்தி வந்தது முந்திப் போக வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ஆகவே வீட்டில் யாரும் சாப்பிடாத எதையும் ‘அவசரத்துக்கு’ என்று வாங்கி வைக்காதீர்கள். ஓட்ஸ் பிடிக்காத வீட்டில் ஓட்ஸ் இருப்பு ஆகாது.

எவ்வளவு வேண்டும்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ அரிசி, 200 கிராம் பருப்பு, 150 கிராம் முழுப்பயறு அல்லது கொண்டைக்கடலை, 100 மில்லி எண்ணெய், 100 கிராம் வெல்லமோ சர்க்கரையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் தலைக்குச் சுமார் 1,900 கலோரி வரும். கடும் உடலுழைப்பு இல்லாத அடைமழை நாட்களுக்கு இது போதும். விறகு வெட்டி மண் அள்ளும் ஆள் வீட்டில் இருந்தால் அவருக்காக அரிசியில் இன்னொரு கைப்பிடி கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரத்துக்கு அது இப்படி ஆகிறது: அரிசி 32 கிலோ, பருப்பு நாலே கால் கிலோ, பயறு வகை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட, எண்ணெய் இரண்டேகால் லிட்டர், வெல்லம் 2 கிலோ. இதோடு உப்பு 1 கிலோ, புளி 1 கிலோ, வற்றல் மிளகாய் அரைக் கிலோ, தேயிலைத்தூள் அரைக் கிலோ, பால் பவுடர் 1 கிலோ. பால் பவுடர் ஒரு கிலோவைக் கரைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் பால் கிடைக்கும். பால் விடாத கட்டன் தேநீர் குடிக்கிற வீட்டுக்கு அதில் பாதி போதும். கருவாடும் வற்றலும் உங்கள் வீட்டு வழக்கப்படி.

அரிசியின் எதிரி ஈரம்

புதிதாகத் தொடங்குபவர்கள் வண்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மலையில் முதல் எதிரி வண்டு இல்லை, காற்றில் இருக்கும் ஈரம். அரிசியில் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருந்தால் நெடுநாள் நிற்கும். மழை மாதங்களில் இங்கே காற்றின் ஈரப்பதம் நாள் முழுக்க 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அந்தக் காற்று பட்டால் நன்றாகக் காய்ந்த அரிசியும் தானாக ஈரத்தை இழுத்து 16, 17 சதவீதத்துக்கு ஏறிவிடும். பிறகு பூசண வாடை, கட்டி, வண்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இதனால்தான் 50 கிலோ கொள்ளும் ஒரே டிரம்மில் அரிசியைக் கொட்டி, காலையும் மாலையும் மூடியைத் திறந்து படியால் அளக்கும் பழக்கம் மலையில் ஒத்துவராது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரக்காற்று மொத்த இருப்பின் மேலும் படுகிறது. இருப்பைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அடைத்துவிட்டு, அன்றாடத்துக்கு மட்டும் ஒரு டப்பா வைத்துக்கொள்வதே சரி.

இதற்கு ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் ஏற்பாடே கைகொடுக்கும். காய்ந்த ஏலக்காய் நிறமும் மணமும் போகாமல் இருக்கக் கறுப்புப் பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்கில்தான் கட்டுகிறார்கள். அந்த உள்ளுறை போடியிலும் கட்டப்பனையிலும் கிடைக்கும். அரிசிக்கு என்றால் புது உறைதான் வாங்க வேண்டும்; மருந்து அடித்த சரக்கு இருந்த பழைய உறை வேண்டவே வேண்டாம். பத்து கிலோ வீதம் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து இறுகக் கட்டி, எலி கடிக்காதபடி தகர டின்னுக்குள் இறக்குங்கள்.

செலவே இல்லாத வழி இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில். ஒரு பாட்டிலில் சுமார் 1.6 கிலோ அரிசி கொள்ளும், அதாவது நான்கு பேருக்கு ஒரு நாள். இருபது பாட்டில் அடுக்கினால் மூன்று வாரம் என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு மூடிதான் திறக்கிறோம். பாட்டிலைக் கழுவிய பிறகு தலைகீழாக இரண்டு நாள் வெயிலில் வைக்க வேண்டும். கழுத்து வளைவில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும், அது ஒரு பாட்டில் அரிசியையும் நாறடித்துவிடும். காகிதத்தைப் புனலாகச் சுருட்டி ஊற்றி, அடியைத் தரையில் தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்புங்கள். காலியிடம் விடாதீர்கள். உள்ளே மிஞ்சும் கொஞ்சக் காற்றை, தப்பித்தவறி வந்த வண்டே மூச்சுவிட்டுத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மூடியின் மேல் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதுங்கள்.

அடைப்பதற்கு முன் அரிசி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி போட்டு, வறுத்து ஆறவைத்த தூளுப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த அரிசியை அடைத்தால் புளித்த வாடை வரும். நிழலில் பாயில் பரப்பி, காற்றாட விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். உச்சி வெயிலில் போடக்கூடாது. தீட்டிய அரிசி சூடேறினால் கீறல் விட்டு, உலையில் குருணையாக உடையும்.

எந்த அரிசி என்பதையும் சொல்லிவிட வேண்டும். புழுங்கலரிசி கெட்டியானது, வண்டு அவ்வளவு சுலபமாக ஏறாது. பச்சரிசி சீக்கிரம் பிடித்துவிடும். தவிடு அதிகம் ஒட்டிய மட்டை அரிசிக்கு ருசி உண்டு, சத்தும் உண்டு. ஆனால் தவிட்டில் இருக்கும் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வண்டும் எலியும்

அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளேயே முட்டை வைத்து அடைத்துவிடும். மேலே பார்த்தால் அரிசி சுத்தமாகத்தான் தெரியும். முட்டை வண்டாக வெளியேறச் சமவெளிச் சூட்டில் ஒரு மாதம் போல ஆகும். மலைக் குளிரில் இன்னும் தாமதமாகும். ‘நேற்று நல்லாத்தானே இருந்தது’ என்று ஆச்சரியப்படுவதன் காரணம் இது. ஃப்ரீசர் இருந்தால் ரவை, மைதா, கொஞ்சமாக வாங்கும் பச்சரிசி ஆகியவற்றை இறுகக் கட்டி நான்கு நாள் உறையவைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே கட்டைப் பிரியுங்கள். குளிர்ந்திருக்கும்போதே பிரித்தால் காற்றிலிருக்கும் ஈரம் மாவின் மேல் படிந்துவிடும்.

பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைக்கு வருவது வேறு வண்டு. அதற்குக் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயை ஊற்றிக் கையால் பிசறி ஒவ்வொரு மணியிலும் படவைப்பதுதான் மருந்து. பாட்டிமார் துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவியதும் இதற்குத்தான். சமைக்கும் முன் வெந்நீரில் கழுவினால் போய்விடும்.

வேப்பிலை போடுபவர்கள் கவனிக்க: பச்சை இலையைப் பறித்து அப்படியே போட்டால் நாமே ஈரத்தை உள்ளே வைக்கிறோம். சருகாக நொறுங்கும்வரை நிழலில் காய்ந்த இலையைத்தான் போட வேண்டும். வசம்பை ஒரு துணியில் முடிந்து போடலாம், உணவில் கலந்துவிடாமல். இரண்டுமே வண்டைத் தள்ளிவைக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. கிடங்குகளில் புகைமூட்டம் போடும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையை யாராவது ‘ஒன்று போட்டால் போதும்’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து வரும் வாயு, பக்கத்து அறையில் தூங்குபவர்களையும் கொன்றுவிடும்.

எலிக்குத் தகரமும் கண்ணாடியும் மட்டுமே தடை. பிளாஸ்டிக் பாட்டிலை அது ஓரிரவில் கடித்துவிடும். ஆகவே பாட்டில்களையும் மூடியுள்ள தகரப் பெட்டிக்குள் அடுக்குங்கள். பெட்டி தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். மழைக்காலத்தில் சுவரும் தரையும் வியர்க்கும்.

பூசணம் பிடித்த அரிசி, நிலக்கடலை, மிளகாய் எதையும் கழுவி, வெயிலில் போட்டுச் சமைக்கலாம் என்று எண்ண வேண்டாம். பூசணம் விட்டுப்போகும் நஞ்சு கழுவினாலும் கொதித்தாலும் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடக்கூடாது. வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துச் சாப்பிடலாம். பூசண அரிசி குப்பைக்குத்தான்.

கப்பையும் மற்ற உலர்பொருளும்

இடுக்கிப் பக்கம் மழைக்கால இருப்பின் முதுகெலும்பு வாட்டுக்கப்பை, அதாவது அரைவேக்காட்டில் காயவைத்த மரவள்ளிக் கிழங்கு. தை, மாசி, பங்குனி வெயில்தான் இதற்குக் காலம். கிழங்கைத் தோலுரித்து கால் அங்குலக் கனத்தில் சீவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பாதி வெந்து ஓரம் கண்ணாடிபோல் ஆகும்போது வடித்துப் பாயிலோ பாறையிலோ பரப்ப வேண்டும். நல்ல வெயிலில் மூன்று நாலு நாள். ஒரு துண்டை ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூன்று கிலோ பச்சைக் கிழங்குக்கு ஒரு கிலோ காய்ந்த துண்டு என்பது ஏறத்தாழக் கணக்கு. வேகவைக்காமல் பச்சையாகக் காயவைப்பதும் உண்டு; அது இடித்து மாவாக்கத் தோதானது, ஆனால் அதில் பூச்சி சீக்கிரம் விழும்.

சமைக்கும்போது ஒரு விஷயத்தில் சுணக்கம் கூடாது. மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு கொடுக்கும் பொருள் உண்டு. கசக்கும் ரகங்களில் அதிகம். காய்ந்த துண்டை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுத்தான் தேங்காய், மஞ்சள், காந்தாரி மிளகாய் அரைத்துப் போட வேண்டும். வெந்த பிறகும் கசந்தால் சாப்பிடாதீர்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு இதைத் தின்றவருக்கு அரிசி தீர்ந்த கவலையே இருக்காது என்பது வேறு கதை.

வற்றலுக்கு எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மேலே தூறல் போடும் நாளிலும் மலையின் மழைமறைவில் கிடக்கும் கம்பம், போடி அடிவாரத்தில் வெயில் காயும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் எல்லாவற்றையும் பங்குனி, சித்திரையில் அங்கேயே காயவைத்து, அங்கேயே டப்பாவில் அடைத்து மேலே கொண்டுவாருங்கள். சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினால் மலைமூடுபனியில் ஈரம் ஏறி, காய்ந்ததில் பாதி வீணாகிவிடும்.

புளியைக் கொட்டை, நார் நீக்கி, கல்லுப்பு தூவி அடுக்கடுக்காக மண்பானையில் அமுக்கினால் வருஷக்கணக்கில் நிற்கும், கறுக்கும், கெடாது. பலாக்கொட்டையைக் காய்ந்த மணலில் புதைத்துவைத்தால் ஆடிவரை வரும். மாவு வகைகளைத்தான் நம்பக் கூடாது. புட்டுமாவை வறுத்து வையுங்கள். கோதுமை மாவு மழையில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது.

தண்ணீர்

மழைநாளில் தண்ணீர்ப் பஞ்சமா என்று சிரிக்க வேண்டாம். ஓடையிலிருந்து ஹோஸ் போட்டு வரும் தண்ணீர்தான் பல வீடுகளுக்கு. மண் சரிந்தால் முதலில் அறுவது அந்த ஹோஸ். வந்தாலும் செம்மண் கரைசலாக வரும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தலைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். மூடியும் குழாயும் உள்ள 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் போதும். மீதித் தேவைக்குக் கூரை இருக்கிறது: ஒரு சதுர மீட்டர் தகரத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக 600 லிட்டருக்குக் குறையாது. முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கலங்கல் தண்ணீரை ஒரு ராத்திரி தெளியவிட்டு, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடித்து, பிறகு கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும், மூணாற்று உயரத்துக்கும் இதே கணக்குதான். சீரகமோ கருங்காலியோ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் சுடுகிறதே என்று பச்சைத் தண்ணீரை விளாவிக் குடித்தால் கொதிக்கவைத்ததே வீண். வயிற்றுப்போக்கு பல வீடுகளில் இந்த வழியாகத்தான் வருகிறது.

கிணறு உள்ளவர்கள் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போடலாம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பு. 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் ஆழத் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், அதற்கு 24 கிராம். பவுடரை அப்படியே தூவக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கி வாளியால் அலசுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் லேசாக வாடை இருக்க வேண்டும். துளியும் வாடை இல்லை என்றால் பவுடர் ஈரம் பட்டு வீரியம் இழந்தது.

அடுப்பும் வெளிச்சமும்

சிலிண்டர் மாட்டும் நாளை அதன் மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். இரண்டு மூன்று சிலிண்டர் போனால் உங்கள் வீட்டுக்கு 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். பயறை முன்னிரவே ஊறவைத்துக் குக்கரில் வைப்பது வாயுவை மிச்சம் பிடிக்கும். விறகைச் சித்திரைக்குள் பிளந்து கூரைக்குள் அடுக்கிவிடுங்கள். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கரி நெருப்பிலிருந்து வரும் மணமில்லாத வாயு எழுப்பாமலே கொன்றுவிடும்.

மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் சில மணி நேரத்தில் ஓயும். பவர்பேங்க் அதுவரைதான். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருக்கட்டும். தேவிகுளத்தில் ஆகாசவாணி நிலையம் இருக்கிறது, அடிவாரத்தில் கொடைக்கானல் பண்பலை 100.5 தெளிவாக எடுக்கும்.

விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

இத்தனை இருப்பும் வீடு நிற்கும்வரைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை இறங்கியபோது 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. ஆகவே கதவோரம் ஒரு பை தனியாகத் தொங்க வேண்டும்: அவல் 1 கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோ, இரண்டு பாட்டில் தண்ணீர், டார்ச், தீப்பெட்டி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் நகல்கள் பிளாஸ்டிக் உறையில். ஓடை திடீரென்று கலங்கினாலோ, பெய்கிற மழைக்குச் சம்பந்தமில்லாமல் வற்றினாலோ, தரையில் புது விரிசல் விழுந்தாலோ, மரமும் கம்பமும் சாய்ந்தாலோ, புது இடத்தில் ஊற்று கிளம்பினாலோ பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, பொது அவசர எண் 112.

எங்கிருந்து தொடங்குவது

ஒரே நாளில் 32 கிலோ வாங்க வேண்டியதில்லை. மாசியில் தொடங்கி, வாரச் சாமானோடு அரிசி இரண்டு பாட்டில், பருப்பு அரைக் கிலோ என்று கூடுதலாக வாங்கினால் பத்து வாரத்தில், மே நடுவில், இருப்பு நிறைந்துவிடும். புதுப்புளி, புதுமிளகாய், புதுத்துவரை எல்லாம் அந்த மாதங்களிலேயே வரும். பழைய சரக்கை விலைகொடுத்து வாங்கும் தொல்லையும் இல்லை. ஜூன் பிறந்ததும் தினம் ஒரு பாட்டில் திறப்பதும், வழி திறந்திருக்கும் வாரங்களில் ஏழு பாட்டில் நிரப்புவதும் என்று ஓட்டுங்கள். நிரப்புவதற்குக் காலைத் தூறலை விட்டுவிட்டு, வெயில் எட்டிப்பார்க்கும் மத்தியானத்தைப் பிடியுங்கள். வெயிலே வராத வாரம் என்றால் அரிசிக் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமல் அப்படியே டின்னுக்குள் வையுங்கள், அடுத்த வெயிலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.